ஒரே மரபணுப் பிறழ்வு, இரண்டு பையன்கள்: ரத்தக்கசிவு ஏன் ஒரே மாதிரி இல்லை?

ஹீமோஃபிலியா ஏ என்பது ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதம் குறைவதால் வரும் பரம்பரை நோய், அந்தப் புரதத்தைத்தான் ஊசியில் போடுகிறார்கள். அது பற்றி வந்த கேள்வி இது: "என் மகனுக்கு 4 வயது, அக்கா மகனுக்கு 6 வயது. இருவருக்கும் சிவியர் ஹீமோஃபிலியா ஏ. மரபணு ரிப்போர்ட்டிலும் இருவருக்கும் 'இன்ட்ரான் 22 இன்வெர்ஷன்' என்றே வந்திருக்கிறது. வாரம் இரண்டு முறை ஃபேக்டர் போடுகிறோம். ஆனாலும் என் மகனுக்கு இந்த வருஷம் மட்டும் 5 முறை முட்டியில் ரத்தம் கட்டிவிட்டது. அக்கா மகனுக்கு ஒரே ஒரு முறைதான். ஒரே பிறழ்வு என்றால் நோயும் ஒரே மாதிரிதானே இருக்க வேண்டும்? அக்கா, 'என் பையனுக்கு லேசான வகை போலிருக்கிறது, ஊசியைக் குறைக்கலாமா' என்று கேட்கிறார்."

முதலில் உங்கள் அக்காவுக்கு: ஊசியைக் குறைக்க வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். அடுத்து உங்களுக்கு: வாரம் இரண்டு முறை ஃபேக்டர் போட்டும் ஒரு வருஷத்தில் 5 முறை மூட்டில் ரத்தம் என்றால், மரபணு விஷயத்தைப் பேசுவதற்கு முன்னாலேயே ஒரு பரிசோதனை செய்ய வேண்டியிருக்கிறது. அது இன்ஹிபிட்டர் பரிசோதனை, அதாவது ஊசியில் போகும் ஃபேக்டருக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி செய்கிறதா என்று பார்ப்பது. சமீபத்தில் செய்திருந்தாலும் மறுபடி கேளுங்கள்.

நான் ரத்தம் உறைதலைப் பார்க்கும் ஆய்வகத்தில் தொடங்கி, பிறகு குடும்பங்களுக்கு மரபணு ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்லும் வேலைக்கு வந்தவன். நீங்கள் கேட்ட கேள்வியை வேறு வேறு வடிவத்தில் பல அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள். கையில் ஒரு தாள் இருக்கிறது, அதில் பிள்ளையின் எதிர்காலமே எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அந்தத் தாள் சொல்லும் விஷயம் முக்கியமானதுதான். ஆனால் அது நேரடியாகச் சொல்வது, உடம்பால் எவ்வளவு ஃபேக்டர் செய்ய முடியும் என்பதை மட்டும். எத்தனை முறை ரத்தம் கசியும் என்பதில் அதைத் தவிர வேறு பல சங்கதிகளும் சேர்ந்துகொள்கின்றன.

உங்கள் குடும்பத்துப் பிறழ்வையே எடுத்துக்கொள்வோம். ஃபேக்டர் 8 என்ற புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமின் கடைக்கோடியில் இருக்கிறது. ரொம்பப் பெரிய மரபணு, சுமார் 1,86,000 டிஎன்ஏ எழுத்து நீளம். புரதத்துக்கான செய்தி அதில் 26 துண்டுகளாகக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளை எக்ஸான் என்கிறோம், நடுநடுவே வரும் நீண்ட பகுதிகளை இன்ட்ரான் என்கிறோம். செல் எக்ஸான்களை மட்டும் பொறுக்கி வரிசையாகக் கோத்து புரதத்தைச் செய்கிறது.

22ஆவது இன்ட்ரானுக்குள் சுமார் 9,500 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி இருக்கிறது. அதன் நகல்கள் இரண்டு, மரபணுவுக்கு வெளியே, குரோமோசோமின் நுனிப் பக்கம் இருக்கின்றன. பெண்ணின் உடலில் கருமுட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்றுதான். விந்தணு உருவாகும்போது அது ஜோடி இல்லாமல் நிற்கிறது. அப்போது அதன் நுனி மடங்கி, வெளியே உள்ள நகல் உள்ளே இருக்கும் நகலோடு ஒட்டிக்கொண்டால், நடுவில் இருக்கும் பகுதி முழுவதும் தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. ரிப்போர்ட்டில் உள்ள 'இன்வெர்ஷன்' என்பது இந்தத் திருப்பம்தான். முதல் 22 எக்ஸான்கள் ஒரு திசையைப் பார்க்கின்றன, கடைசி 4 எக்ஸான்கள் வேறொரு திசையில் தூரத்தில் கிடக்கின்றன. பழைய சுவடிக் கட்டில் ஓர் ஏடு கூடச் செல்லரிக்காமல், கட்டு மட்டும் நடுவில் பிரிந்து திருப்பிக் கட்டப்பட்டது போல.

1993 வரை இது யாருக்கும் தெரியாது. சிவியர் ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒவ்வொரு எக்ஸானாகப் படித்துப் பார்த்தும் ஒரு பிழையும் கிடைக்காமல் ஆய்வாளர்கள் திணறினார்கள். எழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தன, கோப்பு மட்டும்தான் கலைந்திருந்தது. இன்று நமக்குத் தெரியும், சிவியர் ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு இந்த ஒரே திருப்பம்தான் காரணம். அதனால்தான் ஆய்வகங்கள் முதலில் இதைத் தேடுகின்றன. இது இல்லையென்றால் இன்ட்ரான் 1 இன்வெர்ஷன், அதுவும் இல்லையென்றால் மரபணு முழுவதையும் படிப்பார்கள்.

இந்தத் திருப்பம் இருந்தால் முழுப் புரதம் வரவே வராது. ஆகவே உங்கள் மகனுக்கும் அக்கா மகனுக்கும் சொந்த ஃபேக்டர் 8 அளவு ஒன்றுதான், கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த விஷயத்தில் அக்கா மகனுக்கு 'லேசான வகை' என்று ஒன்று கிடையாது. சிவியர், மாடரேட், மைல்ட் என்ற பெயர்கள் ரத்தத்தில் உள்ள ஃபேக்டர் அளவை வைத்துக் கொடுக்கப்படுபவை: இயல்பான அளவில் 1 சதவீதத்துக்குக் கீழே சிவியர், 1 முதல் 5 வரை மாடரேட், 5க்கு மேல் 40 வரை மைல்ட். எத்தனை முறை முட்டி வீங்கியது என்பதை வைத்து வைத்த பெயர்கள் அல்ல.

1 சதவீதம் என்ற அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஸ்வீடனின் மால்மோ நகரில் இங்கா மேரி நில்சன் என்ற மருத்துவர், சொந்த ஃபேக்டர் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பையன்களின் மூட்டுகள் அவ்வளவாகக் கெடுவதில்லை என்பதைக் கவனித்தார். அப்படியானால் சிவியர் குழந்தைகளுக்கு முறையாக ஊசி போட்டு 1க்கு மேலேயே வைத்திருந்தால் அவர்களையும் மாடரேட் போல ஆக்கிவிடலாமே என்று 1958ல் தொடங்கினார். இன்று நீங்கள் வாரம் இரண்டு முறை போடுகிற ஊசியின் தொடக்கம் அதுதான்.

சரி, ஃபேக்டர் அளவு ஒன்றுதான் என்றால் 5க்கும் 1க்கும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்த 5 முறையும் ஒரே முட்டியா? பெரும்பாலும் 'ஆமாம், இடது முட்டிதான்' என்பது போல ஒரு பதில் வரும். மூட்டுக்குள் ஒருமுறை ரத்தம் கட்டினால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு அந்த ரத்தத்தை, குறிப்பாக அதிலுள்ள இரும்பை, உறிஞ்சி வீங்குகிறது. வீங்கிய சவ்வில் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை மெலிந்தவை, அடுத்த ஓட்டத்திலேயே உடைகின்றன. இப்படி ஆறு மாதத்துக்குள் ஒரே மூட்டில் தானாகவே மூன்று முறையோ அதற்கு மேலோ ரத்தம் வந்தால் அதை 'டார்கெட் ஜாயின்ட்' என்கிறோம். முதல் முறை கசிந்தது ஒரு விழுதலால் இருக்கலாம். அதற்குப் பிறகு வந்த நான்கும் அந்த முதல் கசிவின் பின்விளைவாக இருக்கலாம். ஒரு பையன் இரண்டு வயதில் கட்டில் விளிம்பில் முட்டியை இடித்துக்கொண்டான், இன்னொருவன் இடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மரபணு ரிப்போர்ட்டில் இது எங்கேயும் இருக்காது.

அடுத்தது ரத்த வகை. பையன்கள் இருவருக்கும் என்ன வகை என்று பாருங்கள். நாம் ஊசியில் கொடுக்கும் ஃபேக்டர் 8 ரத்தத்தில் தனியாகச் சுற்றுவதில்லை. வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர் என்ற இன்னொரு புரதம் அதைக் கூடவே அழைத்துக்கொண்டு போய்ப் பாதுகாக்கிறது. ஓ வகை ரத்தம் உள்ளவர்களுக்கு இந்தத் துணைப் புரதம் பொதுவாகக் குறைவு. அதனால் ஊசியில் போன ஃபேக்டர் 8 அவர்களுக்குச் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. பெரியவர்களுக்குச் சராசரியாக 12 மணி நேரத்தில் பாதியாகும் மருந்து, சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட வேகமாகவே குறையும். ஆளுக்கு ஆள் வேறுபாடும் அதிகம். ரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு 9ஆவது குரோமோசோமில் இருக்கிறது, ஹீமோஃபிலியாவின் எக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் மகன் 4 வயது, மற்றவன் 6 வயது. உங்கள் மகன் ஓ வகையாகவும் இருந்துவிட்டால், ஒரே டோஸ், ஒரே கிழமைகள் என்றாலும் இரண்டு ஊசிகளுக்கு இடையில் அவன் 1 சதவீதத்துக்குக் கீழே கழிக்கும் மணி நேரம் அதிகம். ஊசி போட்டு எத்தனை மணி நேரம் கழித்துக் கசிவு வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எப்போதும் அடுத்த ஊசிக்கு முந்தின நாளில்தான் வருகிறது என்றால் மருத்துவர் இடைவெளியை மாற்றுவதைப் பற்றி யோசிப்பார்.

மூன்றாவதாக, உறைதலில் ஈடுபடும் மற்ற புரதங்கள். சிவியர் என்று ரிப்போர்ட் உள்ளவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்குக் கசிவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கிறது. ஃபேக்டர் 5 லைடன் என்ற வேறொரு மரபணு மாற்றம் உறைதலைச் சற்று அதிகப்படுத்தும். அதையும் சேர்த்துப் பெற்ற சில பிள்ளைகளுக்கு முதல் கசிவு தாமதமாக வந்ததை ஐரோப்பாவில் பார்த்திருக்கிறார்கள். நம் மக்களிடம் அந்த மாற்றம் அபூர்வம். அதனால் இணையத்தில் படித்துவிட்டு அக்கா மகனுக்கு அதுதான் இருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அக்கா கட்டாயம் கேட்க வேண்டும். 2007ல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. சிவியர் ஹீமோஃபிலியா ஏ உள்ள 65 சிறுவர்களை, இரண்டரை வயதுக்குள் சேர்த்து, 6 வயது வரை பார்த்தார்கள். ஒரு பாதிக்கு முறையாக ஃபேக்டர், மறு பாதிக்குக் கசிந்தபோது மட்டும் தாராளமாக ஃபேக்டர். கடைசியில் எம்ஆர்ஐ எடுத்தபோது முதல் குழுவில் 93 சதவீதம் பேருக்கு மூட்டுகள் நன்றாக இருந்தன, இரண்டாவதில் 55 சதவீதம் பேருக்குத்தான். அதைவிட என்னை உலுக்கியது வேறு. வெளியே தெரியும்படி ஒருமுறை கூட வீங்காத சில மூட்டுகளிலும் எம்ஆர்ஐயில் சேதம் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாமல், பையனுக்கே தெரியாமல், துளித்துளியாகக் கசிந்திருக்க வேண்டும். அக்கா மகனுக்கு ஒரு முறைதான் வீங்கியது என்பது நல்ல செய்தி, அதில் ஊசிக்கும் பங்கு உண்டு. 'கசியவில்லை, அதனால் ஊசி வேண்டாம்' என்று நிறுத்தினால், எதனால் கசியாமல் இருக்கிறதோ அதையே எடுத்துவிடுகிறோம்.

இனி, மரபணு ரிப்போர்ட் உண்மையாகவே பேசும் இடம். அது இன்ஹிபிட்டர். ஊசியில் வரும் ஃபேக்டரை உடம்பு அந்நியப் பொருள் என்று நினைத்து அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்வதைத்தான் அப்படிச் சொல்கிறோம். சொந்தமாகக் கொஞ்சமாவது ஃபேக்டர் இருக்கும் குழந்தையின் உடம்பு அந்தப் புரதத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியிருக்கும். எதுவுமே இல்லாத குழந்தைக்கு முதல் ஊசிதான் முதல் அறிமுகம். ஆகவே பிறழ்வின் வகையைப் பொறுத்து ஆபத்து மாறுகிறது. மரபணுவின் பெரும் பகுதியே காணாமல் போயிருந்தால் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இன்ஹிபிட்டர் வருகிறது. இன்ட்ரான் 22 இன்வெர்ஷனில் நாலைந்து பேரில் ஒருவருக்கு. ஒரே ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறும் பிறழ்வுகளில் சுமார் 5 சதவீதம். இன்வெர்ஷனில் முழுப் புரதம் இல்லாவிட்டாலும் ஆபத்து இவ்வளவு இறங்கியிருப்பதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம், திரும்பிப்போன மரபணுவின் இரண்டு பகுதிகளும் செல்லுக்குள்ளேயே தனித்தனியாகக் கொஞ்சம் புரதம் செய்கின்றன, உடம்பு அதைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது என்பது.

ஃபேக்டர் போடத் தொடங்கிய முதல் 50 நாள் ஊசிகளுக்குள்தான் இன்ஹிபிட்டர் பெரும்பாலும் தலைகாட்டும். அதற்குப் பிறகும் வரலாம். வந்ததற்கு முதல் அறிகுறி பல சமயம் நீங்கள் சொன்னதேதான்: முறையாகப் போட்டும் கசிவு அடங்கவில்லை, முன்பு ஓர் ஊசியில் இறங்கிய வீக்கம் இப்போது இறங்கவில்லை. அதனால்தான் தொடக்கத்திலேயே அவசரப்பட்டுச் சொன்னேன். ரத்தம் எடுக்கும்போது அடுத்த ஊசிக்கு முன்பாக எடுக்கச் சொல்லுங்கள். நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். சின்னப் பிள்ளை கையை இழுத்துக்கொண்டு அழும்போது பாதிக் குழாயோடு நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருக்கும் சிட்ரேட் திரவத்தின் அளவு ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு என்று கணக்கிட்டு வைத்தது. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் கூடுதலாகி, உறையும் நேரம் நீண்டு, ஃபேக்டர் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். ஆய்வகத்தில் இருந்தபோது அப்படி அரைக்குழாயாக வந்த மாதிரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு மறுபடி ஊசி குத்துவார்களே என்று மனசு கஷ்டப்பட்டாலும், தவறான எண்ணோடு ஒரு குழந்தை வீட்டுக்குப் போவதற்கு இது மேல்.

இன்ஹிபிட்டர் வந்தாலும் இப்போது வழி இருக்கிறது. எமிசிசுமாப் என்ற மருந்து ஃபேக்டர் 8 இல்லாமலேயே அது செய்யும் வேலையைச் செய்கிறது. ஃபேக்டர் 9ஐயும் 10ஐயும் ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்து அருகே கொண்டுவருகிறது. தோலுக்கு அடியில் போடும் ஊசி. அமெரிக்காவில் 2017ல் இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கும், 2018ல் இல்லாதவர்களுக்கும் அனுமதி கிடைத்தது. எந்தப் பிறழ்வு என்பதைப் பற்றி அந்த மருந்துக்குக் கவலையில்லை. வேலூர் சிஎம்சியில் செய்த மரபணு சிகிச்சை பற்றியும் கேட்பீர்கள். நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லில் நல்ல மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்திய முறை அது. 5 பேருக்கும் ஆண்டுக் கசிவு பூஜ்யம் என்று 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. ஆனால் ஐவரும் பெரியவர்கள், குழந்தைகளுக்கு இன்னும் அது கதவைத் திறக்கவில்லை.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோர்களுக்காகவும் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் இன்வெர்ஷன் இல்லை. ஃபேக்டர் 8 மரபணுவில் மட்டும் இதுவரை 3,000க்கும் மேற்பட்ட வெவ்வேறு பிறழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. 'நான்சென்ஸ்' என்று ரிப்போர்ட்டில் இருந்தால் நடுவில் ஒரு முற்றுப்புள்ளி விழுந்து புரதம் பாதியில் நின்றுபோகிறது என்று பொருள், பெரும்பாலும் சிவியர். 'மிஸ்சென்ஸ்' என்றால் 2,332 அமினோ அமிலங்களில் ஒன்று மாறியிருக்கிறது. அது எந்த இடம் என்பதைப் பொறுத்து மைல்டாகவும் இருக்கலாம், சிவியராகவும் இருக்கலாம். மைல்ட், மாடரேட் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த வகை. 'ஃபிரேம்ஷிஃப்ட்' என்றால் எழுத்து கூடியோ குறைந்தோ வாசிப்பே தடம் புரண்டது, சிவியராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இதிலும் ஒரு விலக்கு இருக்கிறது. 14ஆவது எக்ஸானில் ஒரே எழுத்து எட்டு, ஒன்பது முறை தொடர்ந்து வரும் இடங்கள் உண்டு. பிறழ்வு அங்கே விழுந்தால், செல் அந்த ஒரே மாதிரி எழுத்துகளை நகலெடுக்கும்போது எண்ணிக்கையில் அவ்வப்போது தடுமாறி, தற்செயலாகச் சரியான தடத்துக்கே திரும்பிவிடுகிறது. கொஞ்சம் நல்ல புரதம் கிடைக்கிறது. தாளில் படு மோசமாகத் தெரியும் பிறழ்வு, பையனிடம் மாடரேட்டாக நடந்துகொள்கிறது.

மைல்ட் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. சில மிஸ்சென்ஸ் பிறழ்வுகளில், ஃபேக்டர் அளவு பார்க்கச் சாதாரணமாகச் செய்யும் ஒன்-ஸ்டேஜ் பரிசோதனை ஃபேக்டரை அதிகமாகக் காட்டும், குரோமோஜெனிக் என்ற இன்னொரு முறைப் பரிசோதனை குறைவாகக் காட்டும். பிள்ளைக்கு வரும் கசிவு இரண்டாவதோடுதான் ஒத்துப்போகும். அப்படிப்பட்ட பிறழ்வு என்று தெரிந்தால் பல் பிடுங்கும் முன்பே இரண்டு முறையிலும் அளவு பாருங்கள். 593ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிஸ்டீனாக மாறும் பிறழ்வு போன்ற சிலவற்றில், மைல்டாக இருந்தும், அறுவைச் சிகிச்சைக்காக ஒரேயடியாக நிறைய ஃபேக்டர் கொடுத்தபின் இன்ஹிபிட்டர் வரும் ஆபத்து கூடுதல். அதனால் மைல்ட் பிள்ளைக்கும் மரபணுப் பரிசோதனை வீண் செலவு அல்ல.

ஹீமோஃபிலியா பியில், அதாவது ஃபேக்டர் 9 குறைவில், கதை கொஞ்சம் வேறு. மரபணு சிறியது, எக்ஸான்கள் 8தான், பெரும்பாலான பிறழ்வுகள் மிஸ்சென்ஸ். இன்ஹிபிட்டர் குறைவாகவே வரும். ஆனால் மரபணுவின் பெரும்பகுதி இல்லாத குழந்தைகளுக்கு ஃபேக்டர் 9 ஊசியால் கடும் அலர்ஜி வர வாய்ப்புண்டு. ரிப்போர்ட்டில் பெரிய டெலீஷன் என்று இருந்தால் முதல் 10, 20 ஊசிகளை மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் வேண்டாம். ரஷ்ய இளவரசன் அலெக்ஸிக்கு இருந்ததும் ஹீமோஃபிலியா பிதான். 2009ல் அவனுடைய எலும்புகளிலிருந்தும் தாயின் எலும்புகளிலிருந்தும் மரபணுவைப் படித்துக் கண்டுபிடித்தார்கள். எக்ஸான் 4க்கு மூன்று எழுத்து முன்னால் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அது எக்ஸானுக்குள்கூட இல்லை. ஆனாலும் செல் வெட்டி ஒட்டும் இடம் தவறிப்போய்ப் புரதம் முழுதாக வராமல் போய்விட்டது.

பி வகையில் எனக்குச் சொல்லப் பிடித்த பிறழ்வு லைடன் வகை. 1970ல் நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில் கவனித்தது. சின்ன வயதில் ஃபேக்டர் 9 மிகக் குறைவு, கசிவும் அதிகம். பருவ வயதுக்கு வந்ததும் அளவு மெல்ல ஏறத் தொடங்கும். பெரியவனாகும்போது கசிவு நின்றேபோகும். இந்தப் பிறழ்வு புரதத்தின் செய்தியில் இல்லை, மரபணுவை இயக்கிவைக்கும் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. ஆண் ஹார்மோனுக்குக் கட்டுப்படும் இடமும் அதே பகுதியில்தான். ஆனால் அதே பகுதியில் சில எழுத்துகள் தள்ளி விழும் பிராண்டன்பர்க் என்ற பிறழ்வில் இந்த ஏற்றம் வராது, ஏனென்றால் ஹார்மோனுக்கான இடமே கெட்டுவிடுகிறது. ஒரு குடும்பத்துக்கு 'உங்கள் பையனுக்கு 15 வயதுக்கு மேல் இது குறையும்' என்று சொல்ல முடிகிற ஒரே ஹீமோஃபிலியா இது. ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்காமல் விட்டால் அந்தச் சொல் அவர்களுக்குக் கிடைக்காது.

கடைசியாக உங்களுக்கும் அக்காவுக்கும். நீங்கள் இருவருமே கேரியர், அதாவது இரண்டு எக்ஸில் ஒன்றில் பிறழ்வைச் சுமப்பவர்கள். சகோதரிகள் இருவரிடமும் அதே திருப்பம் இருக்கிறது என்றால் உங்கள் அம்மாவும் கேரியராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கேரியர் என்றால் 'எனக்கு ஒன்றும் இல்லை, பிள்ளைக்குக் கொடுக்கிறேன்' என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் எது வேலை செய்கிறது என்பது தற்செயல். சிலருக்கு ஃபேக்டர் 8 அளவு 40க்கும் கீழே இறங்கும். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், பிரசவத்துக்குப் பின் நிற்கவில்லை, பல் எடுத்து இரண்டு நாள் கசிந்தது என்று ஏதாவது உண்டா என்று உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள். மூன்று பேரும் ஒருமுறை ஃபேக்டர் 8 அளவு பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு குழந்தை பற்றி யோசித்தால், குடும்பத்துப் பிறழ்வு ஏற்கெனவே தெரிந்திருப்பதால் கருவிலேயே பார்ப்பது எளிது.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று. காலையில் அவன் எழுந்ததும் இரண்டு முட்டிகளையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று. வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் சூடு தெரியும். நடக்கிற பிள்ளை திடீரென்று 'தூக்கு' என்று கேட்டாலும் அதேதான். அப்போதே ஃபேக்டர் போட்டுவிடுங்கள், சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். இன்ஹிபிட்டர் ரிசல்ட் வந்ததும் எண்ணையும், இருவரின் ரத்த வகையையும், எந்த முட்டி என்பதையும் எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.